கை டீச்சர்

பள்ளிக்கூடத்தில் அவளுடைய பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு: தொழிற்பயிற்சி ஒருங்கிணைப்பாளர். அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்பதால் பிள்ளைகள் 'கை டீச்சர்' என்று சுருக்கிவிட்டார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளை வாரத்தில் இரண்டு நாள் பட்டறைக்கும் அச்சகத்துக்கும் ரொட்டிக் கடைக்கும் வேலை பழக அனுப்புவது அவள் பொறுப்பு. எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் அவள் வாயில் முதலில் வருவது, "கையைக் காட்டு." பத்து விரலையும் கண்ணால் பார்த்த பிறகுதான் சாப்பிட்டாயா, என்ன கற்றுக்கொண்டாய் என்ற விசாரிப்பெல்லாம்.

பயந்த சுபாவம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவளுடைய அண்ணன் பாதிப் படிப்பில் தகடு வெட்டும் பட்டறைக்குப் போனவன். ஒரு மத்தியானம் கையில் துணியைச் சுற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். இன்றைக்கும் அவன் சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறாள். ஏன் என்று கேட்க ஆளில்லாமல் இன்னொரு பிள்ளை அப்படி வீடு திரும்பக் கூடாது என்றுதான் இந்த வேலைக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து அந்தத் துணி சுற்றிய கை கண்ணை விட்டுப் போகவில்லை.

வேலை என்னவோ அலைச்சல்தான். முதலாளிகள், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்பார்கள். பெற்றவர்கள், படிக்க அனுப்பினோமா வேலைக்கு அனுப்பினோமா என்பார்கள். இரண்டு பக்கமும் மத்தளத்துக்கு விழுகிற மாதிரி அடி வாங்கி, கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் பிடிப்பாள். அந்தச் சாமர்த்தியத்துக்குக் குறைச்சலில்லை. போன் அடித்தால் மட்டும் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் எடுப்பாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கேலி செய்கிற வீட்டுக்காரர்கூட, போனில் அவளைக் கூப்பிட்டால் முதல் வார்த்தையாக "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். தலைமையாசிரியரும் அப்படித்தான். பிள்ளைகளும் அப்படித்தான். ஊரே அவளிடம் ஒண்ணுமில்ல என்று சொல்லப் பழகியிருந்தது. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் தலைமையாசிரியரை நச்சரித்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தடித்த துணிக் கையுறை வாங்கிவிட்டாள். இதைப் போடாமல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் பயிற்சியே கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அதன் பிறகு எந்தப் பட்டறைக்குப் போனாலும் எல்லாக் கையிலும் கையுறை இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

எங்கே போனாலும் முன்கூட்டி போன் செய்துவிட்டுப் போவது அவள் வழக்கம். அன்றைக்கு இரும்புப் பட்டறைக்கு அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். இரைச்சலில் கேட்டிருக்காது என்று புத்தி சொன்னது. மனசு அதற்குள் கையில் சுற்றிய துணியைப் பார்த்துவிட்டது. கிடைத்த ஆட்டோவில் ஏறி ஓடினாள்.

பட்டறையில் ஒரு குறையும் இல்லை. துளை போடும் இயந்திரத்தில் நின்றுகொண்டிருந்தது வாயாடி. வகுப்பில் ஆசிரியர்களையே பேசவிடாததால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர். பட்டறை முதலாளி படிப்பு முடிந்ததும் அவளை வேலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பிடியில் இறுக்கிய தகட்டின் மேல் துளைமுனை சுற்றிக்கொண்டிருந்தது. பெண்ணின் கைகள் வெறுங்கைகளாக இருந்தன.

வாசலில் டீச்சரைக் கண்டதும் வாயாடியின் முகம் வெளுத்துப்போனது. சட்டென்று பையிலிருந்து கையுறையை எடுத்து வலது கையில் மாட்டினாள். மாட்டிய வேகத்திலேயே தகட்டின் மேல் கிடந்த இரும்புத் துருவலை ஒதுக்கப் போனாள். தொளதொளவென்றிருந்த விரல் நுனித் துணியை முனை பிடித்துச் சுருட்டிக்கொண்டது. பெண் அலறினாள். வேலையை மேற்பார்க்கும் போர்மேன் பாய்ந்து வந்து, இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தார். கை உருவிக்கொண்டு வெளியே வந்தது. கையுறை முறுக்கிப் பிழிந்த கரித்துணியைப் போல முனையிலேயே தொங்கியது.

டீச்சருக்குக் கையைக் காட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். போர்மேன் பெண்ணின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். எல்லாம் இருந்தன, ஒரு நகக்கண்ணில் மட்டும் ரத்தம்.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணா" என்றாள் வாயாடி. அழுதுகொண்டே டீச்சர் பக்கம் திரும்பினாள். "சுத்தற மிஷின்ல கையுறை போடவே கூடாது டீச்சர். முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. நீங்க போன் பண்ணினதும் மிஷினை நிறுத்திட்டு மாட்டிக்குவோம். நீங்க போனதும் கழட்டிடுவோம். இன்னைக்கு உங்க போன் வரல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பயந்துடுவீங்க. பயந்தா எங்களை நிறுத்திடுவீங்க."

நிறுத்தியிருப்பாள். அது அவளுக்கே தெரியும். அண்ணனின் கையைத் தின்ற பட்டறையில் அவனுக்காகக் கேட்க ஆள் இல்லை. இங்கே கேட்க ஆள் இருந்தும் சொல்ல ஆள் இல்லாமல் செய்துவிட்டாளே. அன்று வீட்டில் அவள் சோற்றைத் தொடவில்லை. தான் போய் நிற்கிற ஒவ்வொரு வாசலிலும் தனக்காக எதை எதை மறைத்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்கப் பழைய பயமே தேவலை போலிருந்தது.

இயந்திரத்தில் நிற்கிற பிள்ளைகளிடமிருந்து கையுறைகளைத் திரும்ப வாங்கி மூட்டை கட்டினாள். அடுத்த முறை அதே பட்டறைக்குப் போனபோது போன் செய்யவில்லை; உள்ளேயும் நுழையவில்லை. வேலை முடிந்து இயந்திரம் நிற்கட்டும் என்று வாசலிலேயே காத்திருந்தாள். வாயாடி நிமிர்ந்து பார்த்தாள். பழக்கதோஷத்தில் கை பைக்குப் போனது. டீச்சர் தன் இரண்டு வெறுங்கைகளையும் தூக்கிக் காட்டினாள். அவை நடுங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

பெண் துளையை நிதானமாகப் போட்டு முடித்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள்.

"டீச்சர், அந்த மூலையில இருக்கற வெட்டற மிஷினைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பயப்படாம கேப்பீங்களா?"

"பயந்துகிட்டேதான் கேப்பேன்" என்றாள் அவள். "நீ சொல்லு."