ஆட்டை வென்ற தலைவர்

பெண் பார்க்கத் துணைக்கு வா என்று நண்பன் கேட்டபோதே வேறு ஆளைப் பார் என்று சொன்னேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஸ்காபரோவில் இரண்டு பேரும் ஒரே அப்பார்ட்மெண்டில் இருந்தோம். அதற்கு முதல் பாலைவனத்தில் ஒரே கேபினில் இருந்தோம்.

"நீ வாயே திறக்கமாட்டாய். அதுதான் உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றான்.

அவன் நாற்பதை எட்டிக்கொண்டிருந்தான். கனடாவுக்கு வந்தபின் இரண்டு சம்பந்தங்கள் பேச்சோடு நின்றுபோயின. ஓர் இடத்தில் வயது இடித்தது, மற்ற இடத்தில் தலைமயிர் இல்லாதது. இந்தப் பெண் மோர்னிங்சைட்டில் இருந்தாள், முதியோர் இல்லமொன்றில் வேலை. ரெலிபோனில் சில தடவைகள் பேசியிருந்தார்கள். கடைசித் தடவை பேசி முடித்த பிறகு அவன் வைத்த மீன்குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. இந்தச் சம்பந்தமும் தப்பிப்போனால் ஆள் உடைந்துபோவான் என்று அந்தக் குழம்பைச் சாப்பிட்டபோது எனக்கு விளங்கியது.

சிக்கலை உண்டாக்கியவர் கலியாணம் பேசிய அன்ரிதான். கனடாவுக்கு முதல் என்ன செய்தீர் என்று அவர் கேட்டிருக்கிறார். அரபு நாட்டில் தண்ணீர் பம்ப் ஸ்டேஷனில் மெக்கானிக், காம்பில் இருந்தவர்கள் தன்னைத் தலைவராகவும் தெரிவுசெய்தார்கள் என்று இவன் சொல்லியிருக்கிறான். அன்ரி மெக்கானிக்கை அங்கேயே விட்டுவிட்டுத் தலைவரை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் பாலைவனத்தில் ஓர் ஊருக்கே தேர்தலில் வென்ற தலைவனாகிவிட்டான்.

"பொய்யில்லையே, மச்சான். தேர்தல் நடந்தது. நான் வெண்டனான்."

"ஆரோட நிண்டு வெண்டனி எண்டு கேட்டா?"

"உதையெல்லாம் ஆர் கேக்கப்போகினம்?"

இந்த இடத்தில் அந்த ஊரின் சரித்திரத்தைச் சொல்லிவிட வேண்டும். கம்பனி ஒரு நீளமான தண்ணீர்க் குழாயைப் பாலைவனத்தின் ஊடாகப் போட்டிருந்தது. தண்ணீரைத் தள்ளிவிட நடுவழியில் ஒரு பம்ப் ஸ்டேஷன். அதன் பக்கத்தில் இரண்டு வரிசைத் தகரக் கேபின்களும் ஒரு சமையல் கொட்டகையும். ஊர் அவ்வளவுதான். ஒரு சவர்க்காரம் வாங்குவதென்றாலும் லொறியில் அரை நாள் போகவேண்டும். முதலில் வந்து குடியேறியவர்கள் இரண்டு மலையாளிகள். தாங்கள்தான் ஆதிக்குடிகள் என்று சொல்லி, பின்னேரத்தில் நிழல் விழும் கேபினை அவர்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்து யாழ்ப்பாணத்து ஆட்களாகிய நாங்கள் வந்தோம். எங்களுக்குப் பிறகு மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள். கடைசியாக ஒரு சூடானியக் காவல்காரர். எல்லாமாக இருபது பேரளவில் இருப்போம்.

இருபது பேர்தான் என்றாலும் ஓர் ஊருக்குரிய சண்டைகள் அத்தனையும் எங்களிடம் இருந்தன. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் ஒவ்வொரு கேபின் ஜன்னலின் கீழும் தக்காளி வளர்த்தோம். செடி என் ஜன்னலின் கீழ் முளைத்து, சரிந்து, பக்கத்துக் கேபின்காரனின் சொட்டுத் தண்ணீரைக் குடித்துக் காய்த்தால் காய் யாருக்கு? இந்த வழக்கில் இரண்டு பேர் மாதக் கணக்கில் பேசாமல் இருந்தார்கள். இன்னொரு சட்டமும் இருந்தது. சாப்பிடும்போது, ஊருக்குப் போக இன்னும் எத்தனை மாதம் என்று யாரும் கணக்குச் சொல்லக்கூடாது. சொன்னவன் பெரிய சோற்றுப்பானையைத் தேய்க்கவேண்டும். நான் ஒருநாளும் தேய்த்ததில்லை. பேசாதவனுக்கு இப்படிச் சில வசதிகள் உண்டு.

வழக்குகள் கூடியதும் ஒரு தலைவர் வேண்டும் என்றானது. நண்பன் உடனே எழுந்து நின்றான். எதிர்த்து நிற்க ஒருவரும் முன்வரவில்லை. எங்கள் சமையல்காரர் மட்டக்களப்புப் பக்கத்து ஏறாவூர் ஆள். வயதில் மூத்தவர் என்பதால், அவர்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவோம். அவர் அகப்பையோடு வெளியே வந்தார்.

"போட்டியில்லாம வாற தலைவருக்கு என்ன மரியாத இரிக்கி, மனே?" என்று சொல்லிவிட்டு, ஹஜ் பெருநாளுக்கென்று தான் வளர்த்துவந்த, எங்கள் தக்காளிச் செடிகளைத் தின்று கொழுத்த கிடாயை வேட்பாளராக நிறுத்திவிட்டார்.

அது சாதாரண வேட்பாளர் அல்ல. நண்பன் கேபின் கேபினாகப் போய் அரை மணித்தியாலம் பேசுவான். காக்கா அவன் பின்னாலேயே கிடாயைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார். "எங்கட ஆள் ஒரு பொய் சொன்னதாக் காட்டுங்க பாப்பம்" என்பார். அவ்வளவுதான் பிரசாரம். பேச்சைக் கேட்டுக் களைத்தவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. என் சுபாவத்துக்கும் கிடாய்தான் பொருத்தமாகத் தெரிந்தது.

இரண்டு பால்மா டின்கள் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பேரீச்சங்கொட்டை. சூடானியர் நடுநிலையானவர் என்பதால் எண்ணும் வேலை அவருக்கு. நண்பன் ஒரு கொட்டையால் வென்றான். மறுபடி எண்ணவேண்டும் என்று காக்கா சண்டைபிடித்தார். ஆனால் அதற்குள் தோற்ற வேட்பாளர் இரண்டு டின்களுக்குள்ளும் வாயை விட்டு வாக்குகளைச் சப்பத் தொடங்கிவிட்டார்.

இந்தச் சரித்திரத்தை மனதில் அடக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு மோர்னிங்சைட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பெண்ணின் தகப்பனார் ஊரில் தபால் அதிபராக இருந்தவர். நாங்கள் சோபாவில் இருந்ததும் ஒரு பெரிய அட்லஸைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்.

"எங்க தம்பி, உம்மட ஊரைக் காட்டும் பாப்பம்."

நண்பன் மஞ்சள் நிறமாய் இருந்த இடத்தில் விரலை வைத்தான்.

"இதில பேர் ஒண்டும் போடேல்லையே?"

"அட்லஸ் பழசு போல, ஐயா."

தகப்பனார் அவனை ஒரு பார்வை பார்த்தார். ஆயிரம் பேரிடம் பொய் விலாசம் கேட்டுப் பழகிய பார்வை. பிறகு கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பேசுகிறவனைவிடப் பேசாதவன் உண்மை சொல்வான் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீரும் அங்க இருந்தனீர்தானே. தேர்தல் கடுமையோ?"

"ஓம் ஐயா. ஒரு வோட்டாலதான் வெண்டவர்."

"எதிர்த்து நிண்டது ஆர்? எங்கட ஆக்களோ?"

"இல்லை ஐயா. அந்த நாட்டிலயே பிறந்தவர்."

நண்பன் மேசைக்குக் கீழே என் காலை மெதுவாகத் தட்டினான். மெச்சுகிறான் என்று தெரிந்தது.

"படிச்ச ஆளோ?"

"அப்பிடியில்லை. அமைதியானவர். தாடி வைச்சிருந்தவர்."

"ஆற்றை ஆதரவில நிண்டவர்?"

"சமையல்காரற்றை."

அந்த நேரம் பெண் தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் உள்ளே போகவில்லை. தகப்பனின் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர் மேடையில நல்லாப் பேசுவாரோ?" என்று என்னைக் கேட்டாள்.

"அவ்வளவு பேசமாட்டார்."

"தக்காளி விருப்பமோ அவருக்கு?"

தக்காளிச் செடியைத் தின்ற கிடாயின் கதையை இவன் ரெலிபோனில் சொல்லித் தொலைத்திருக்கிறான் என்று அப்போதுதான் விளங்கியது. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"விருப்பம்" என்றேன்.

"விசர்க் கேள்வி கேளாதை, பிள்ளை" என்றார் தகப்பன். "தம்பி, தோத்த பிறகு அவர் ஊரோட ஒத்துப்போனவரோ? இல்லாட்டிப் பகையோ?"

"பகை ஒண்டும் இல்லை, ஐயா."

"இப்ப என்ன செய்யிறார்?"

நண்பனின் கால் என் காலின்மேல் ஏறி அழுத்தியது. எதையாவது சொல்லியிருக்கலாம். ஊர் மாறிப் போய்விட்டார் என்றிருக்கலாம். ஆனால் அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு உண்மையைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"பெருநாளுக்குச் சாப்பிட்டிட்டம், ஐயா."

"ஆரோட?"

"அவரைத்தான்."

தகப்பனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குசினிக்குள் தாயாரின் கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழுந்தது.

"அது ஒரு கிடாய், ஐயா" என்றேன், மெல்லிய குரலில்.

நண்பன் அட்லஸைப் பார்த்துக்கொண்டிருந்தான், அந்த மஞ்சளுக்குள்ளேயே போய்விடலாமா என்பதுபோல. தகப்பனார் அவன் பக்கம் திரும்பினார்.

"ஆட்டோட நிண்டு ஒரு வோட்டாலயோ வெண்டனீர்?"

"அது பலமான வேட்பாளர், ஐயா."

"அந்த ஒரு வோட்டு ஆற்றை?"

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் கை தூக்கியதில்லை. ஒரு வாக்கால் வென்றால், அவனுக்குப் போட்ட எல்லோருடைய வாக்கும் அந்த ஒரு வாக்குத்தான், ஆனால் அதை விளக்க அது நேரமல்ல.

"ஏன் காணும் நீர் ஆட்டுக்குப் போடேல்லை?"

"போடத்தான் இருந்தனான், ஐயா. ஆனா அது தலைவரா வந்திட்டா, பிறகு ஒருத்தரும் அதை வெட்ட விடமாட்டினம். பெருநாள் பிரியாணி இல்லாமப் போயிடும்."

அதுவரை அடக்கிக்கொண்டு நின்ற பெண், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டாள். தகப்பனார் சிரிக்கவில்லை. அட்லஸை மூடினார். அந்தச் சத்தத்தில் நண்பனின் தோள் கீழே இறங்கியதை நான் பார்த்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "அப்பா, நான் இவரோட ஒருக்காத் தனியக் கதைக்கவேணும்" என்று நண்பனைக் காட்டினாள்.

இரண்டு பேரும் பல்கணிக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவால் எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. முதலில் அவள்தான் பேசினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு கையால் தக்காளிச் செடியின் உயரத்தைக் காட்டினான். பிறகு கிடாயின் உயரத்தைக் காட்டினான். கிடாய் உண்மையில் அவ்வளவு உயரமில்லை.

உள்ளே தகப்பனார் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். எனக்கும் தட்டை நீட்டினார்.

"ஆட்டிறைச்சிதான். எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு, ஐயா."

"அந்த வேட்பாளரைவிடவோ?"

"அவர் வேற, ஐயா."

அவருடைய வாயின் ஓரம் கொஞ்சம் அசைந்தது.

பல்கணிக் கதவு திறந்தது. அவள் நேரே தகப்பனிடம் வந்தாள். "முதல் வந்ததுகள் எல்லாம் மனேஜர், சுப்பவைசர் எண்டுதான் வந்ததுகள், அப்பா. ஆட்டோட நிண்டு வெண்டன் எண்டு ஒருத்தரும் வரேல்லை. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு" என்றாள். தகப்பனார் குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சாரும், பிள்ளை ஓம் எண்டு சொல்லுறாள்" என்றார்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நண்பன் எனக்கு முன்னால் உள்ள ஆசனத்தில் போய்த் தனியே இருந்தான்.

"அவ ஓம் எண்டு சொல்லிப்போட்டாவே. பிறகு என்ன?" என்று கேட்டேன்.

"அது வேற கதை. இவ்வளவு காலமும் நீ எனக்காகப் போட்டனி எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். பிரியாணிக்கோ போட்டனி?"

"ஓம்."

இறங்கும் இடம் வந்ததும் அவன் மணிக்கயிற்றை இழுத்துவிட்டுத் திரும்பினான்.

"கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரனா நீதான் நிக்கவேணும். ஆனா மண்டபத்தில ஆரும் மைக்கை நீட்டினா, தயவுசெய்து வாங்காதை."