கூடை தப்பிய அட்டை

கட்டிங் மெஷின் பக்கத்தில், தலையெல்லாம் காகிதத் தூளோடு நின்றார் பைண்டிங் கடைக்காரர். எந்தத் தாள் வந்தாலும் முதலில் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

எங்கள் கல்லூரி மலருக்கு அட்டைப்படம் வரைந்தது நான். பரவைச் சந்தைக்குத் தலையில் காய்க்கூடையோடு போகும் பெண். அச்சடித்த அட்டைகளை பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கூடை மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தைத்த மலரை அட்டையோடு சேர்த்துத்தான் ஓரம் வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"வெட்டுனா கூடை போயிரும் மாப்ள. இந்தப் பொம்பள சும்மா கையத் தூக்கிக்கிட்டு நிக்கும்."

"நாளைக்கு மலர் வெளியீட்டு விழாண்ணே. மறுபடி அடிக்க முடியாது."

மறுபடி ஓரத்தைத் தடவினார். "உள்தாளை மட்டும் முதல்ல வெட்டிருவோம். அட்டையக் கடைசியா ஒட்டிக்கலாம், கத்தி படாது. அம்புட்டையும் ஒவ்வொண்ணா கையால ஒட்டணும். போய் ஒன் கூட்டாளிகளக் கூட்டியா."

ஒட்டி முடித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. "படம் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"படத்த எங்க பாத்தேன்? ஓரத்தத்தான பாத்தேன்."

விழாவில் எல்லோரும் அந்தப் பெண்ணின் கண்களைப் புகழ்ந்தார்கள். கூடையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. போயிருந்தால் அதை மட்டும்தான் பேசியிருப்பார்கள்.