மைனஸ் இரண்டில் நின்ற பீர்

ஏற்காட்டு ஓட்டல் பாரில் சேர்ந்த முதல் நாளே பதினெட்டு பீர் பாட்டில்களை வெடிக்க வைத்தவன் நான். ஃப்ரிட்ஜ் வேலையில் அதற்குள் பதினைந்து வருடம் போயிருந்தது. அனுபவம் இருந்தால் தப்பு நடக்காது என்று நினைக்கும் தம்பிகள் இதைக் கவனமாகப் படிக்கவும்.

அந்த ஏற்காட்டு வேலை எனக்கு உயிர். சம்பளத்துக்காக அல்ல. என் மனைவி ஜெசிந்தா அதே மலையில் மஞ்சக்குட்டையில் எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர். நானோ அதுவரை ஓசூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் கிடந்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் புருஷனாகவே காலம் தள்ளியவன், தினமும் அவளோடு சாப்பிட ஆசைப்பட்டு இந்த வேலையைத் தேடிப் பிடித்தேன்.

பீர் பல் கூசுகிற அளவுக்குச் சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. சாதாரண பீர் மைனஸ் இரண்டு டிகிரி வரை உறையாமல் தாங்கும். பீர் வைக்கும் குளிர்பெட்டியை அதில்தான் செட் செய்தேன். ஆனால் குளிரை அளக்கும் சென்சார் பெட்டிக்குள் வெறும் காற்றில் தொங்கியது. சர்வர்கள் ஓயாமல் கதவைத் திறக்க, வெளிக்காற்று பட்ட சென்சார் உள்ளே இன்னும் சூடு என்றே காட்டியது. கம்ப்ரஸர் கட் ஆகாமல் ஓடிப் பின்வரிசை முழுக்க உறைந்து வெடித்தது. மேனேஜர் சத்தம் போடவில்லை. “இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நீங்க மலையெறங்கிக்கலாமுங்க” என்றார்.

ராத்திரி வீட்டில் சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். ஜெசிந்தா தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, காய்ச்சல் பாக்கோணும்னா தெர்மாமீட்டர வாய்க்குள்ள தானுங்களே வெப்பாங்க? மூஞ்சிக்கு முன்னாடியா புடிப்பாங்க?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் ஒரு காலி பாட்டிலில் உறையாதபடி உப்புத் தண்ணீர் நிரப்பி, சென்சாரை உள்ளே இறக்கி, வாயை அடைத்து, மற்ற பாட்டில்களுக்கு நடுவில் நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் காற்று சூடாகும். பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. பாட்டில்களுக்கும் பெட்டியின் பின்சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டேன். குளிர் சமமாகப் பரவ உள்ளே ஃபேனை நிற்காமல் ஓடவிட்டேன். இந்தக் குளிரில் ஒரு தட்டுத் தட்டினாலே பீர் உறைந்து கூழாகிவிடலாம் என்பதால், பாட்டிலை மெதுவாக எடுக்கும்படி சர்வர்களைக் கெஞ்சி வைத்தேன்.

மூன்றாம் நாள் மேனேஜரே ஒன்றைத் திறந்து ஊற்றினார். பாட்டிலுக்கு வெளியே பனி பூத்திருந்தது, உள்ளே ஒரு துளிகூட உறையவில்லை. அந்த வாரமே முதலாளி வந்துவிட்டார். தன் மற்ற ஓட்டல்களிலும் இப்படியே செட் செய்து தரவேண்டும், ஒரு மாத வேலைதான் என்றார். புகழ்ச்சியில் தலைகால் புரியாமல் நின்ற நான், சரிங்க என்று சொல்லிவிட்டேன். யோசனை யாருடையது என்றுகூடச் சொல்லவில்லை.

பெட்டியில் என் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே ஜெசிந்தா, “கொஞ்சம் மோசமாச் செஞ்சிருக்கலாமுங்க” என்றாள்.

ஒரு ஓட்டல் முடிந்தால் அடுத்தது என்று அந்த ஒரு மாதம் பதினொரு வருடமாக நீண்டது. ஊர் ஊராக பார்களில் நின்றுகொண்டு அவளுக்குப் போன் செய்வேன். அங்கே மழையா என்று கேட்பேன். அவள் போனை ஜன்னல் பக்கம் நீட்டுவாள். காப்பிச் செடிகளில் மழை விழும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு அடுத்த மெஷினைக் கழற்றப் போவேன்.

வேலை தெரிந்தவனை எல்லோரும் கூப்பிடுவார்கள். முடியாது என்று சொல்லவும் தெரிய வேண்டும். ஓய்வுபெற்று மஞ்சக்குட்டைக்கு வந்த பிறகு நாங்கள் எட்டு மாதம் சேர்ந்து இருந்தோம். அதன்பின் அவள் கண்ணை மூடிவிட்டாள். அந்த எட்டு மாதம் எனக்குப் போதவில்லை.