அத்தை வைத்த சர்க்கரைத் தண்ணீர்

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலில் யார் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறார்களோ, அவர்களுடைய குணம்தான் குழந்தைக்கு வரும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அதற்கு அத்தாட்சியாக நான் இருந்தேன். நான் பிறந்தபோது அம்மாவின் அண்ணனான கருங்குழி மாமாதான் வைப்பதாக ஏற்பாடு. அவர் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள், பக்கத்திலேயே இருந்த அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, விரலைத் தோய்த்து வைத்துவிட்டாள். காரியம் கெட்டது.

அன்றிலிருந்து நான் செய்த எதுவும் நான் செய்ததாக இல்லை. தட்டைத் தூக்கி எறிந்தால் அத்தை. டீச்சரை எதிர்த்துப் பேசினால் அத்தை. தலையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, கடற்கரைப் பக்கமே போகவில்லை என்று சாதித்தாலும் அத்தைதான். ஒரே ஒரு தடவை வகுப்பில் முதலாவதாக வந்தேன். அது மட்டும் மாமா வீட்டு ரத்தம் என்றார்கள். எனக்கென்று எதையாவது மிச்சம் வைத்திருந்தார்களா என்று இன்றுவரை தெரியவில்லை.

அத்தை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாஸ்தா கடை வைத்திருந்தாள். புருஷன் கை நீட்டினான் என்று ஒரு நாள் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. சமாதானம் பேச வந்த பெரிய மனிதர்களை அவள் பேசிய பேச்சு, வந்த வழியே அனுப்பிவைத்தது. சிலை செதுக்குகிறவர்கள், கண்டக்டர்கள், வெள்ளைக்காரர்களைக் கூட்டிவரும் கைடுகள் எல்லோரும் அவள் கடையில்தான் இட்லி சாப்பிட்டார்கள். எல்லோரும் அவளிடம் திட்டும் வாங்கினார்கள்.

மாமா வேறு ரகம். தபால் ஆபீசில் வேலை. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்பார். அம்மாவும் அப்படித்தான். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால்கூட நான் இருக்கும் இடத்துக்கு வந்துதான் கூப்பிடுவாள்.

எழுபதுகளின் நடுவில் அம்மா மறுபடியும் கர்ப்பமானபோது, இந்தத் தடவை மாமாதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மாமா நாள் நெருங்குவதற்கு முன்பே லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். இதையெல்லாம் அத்தைக்கு எதிரிலேயே பேசினார்கள். "ஒண்ணு கீதே, போதாதா?" என்று அப்பா என்னைக் காட்டிச் சிரித்தார். எதற்கும் பதில் வைத்திருக்கிற அத்தை அன்று ஊறப்போட்ட அரிசியை எடுத்துக்கொண்டு மாவு அரைக்கப் போய்விட்டாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அது அத்தைக்காக இல்லை. வரப்போகிற பிள்ளை சமர்த்தாக இருந்து தொலைத்தால், என்னையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார்களே என்ற வருத்தம்.

வலி எடுத்த அன்று அப்பா கல்பாக்கத்தில் வேலையில் இருந்தார். அத்தையின் கடைக்கு வாடிக்கையாக வரும் டாக்சிக்காரர் அம்மாவையும் அத்தையையும் மாமாவையும் பிரசவ ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் போனேன். அது சின்ன ஆஸ்பத்திரி. இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். டாக்டரம்மா சாப்பிடுகிறார், கூப்பிடும்போது வாருங்கள் என்று அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டாள்.

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அதான் சொல்லிக்கிறாங்க இல்ல, கூப்புடுவாங்க" என்றார். அம்மா பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. நர்ஸ் ஏதோ எடுக்க வெளியே வந்து, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டபோது, "பரவால்ல, இருக்கட்டும்" என்றாள். அவளும் இருக்கட்டும் என்று போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கண் செருகியது. பெஞ்சுக்கு அடியில் ரத்தம் சொட்டியிருந்தது.

அத்தை கதவை ஒரு தள்ளு தள்ளினாள்.

"இன்னாம்மே ஆஸ்பத்திரி நடத்துறீங்கோ? இங்க உசுரு போய்கினு கீது, உங்களுக்குச் சோறு எறங்குதா?"

"அக்கா, மெதுவா பேசுங்க, கோச்சிக்கப் போறாங்க" என்று மாமா பின்னாலேயே ஓடினார். அத்தை காதில் அது விழவே இல்லை. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மாவும் இருந்ததால் எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வெளியே வந்தார். அம்மாவைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டரம்மா மாமாவிடம் சொன்னார். மாமா டாக்டரம்மாவைக் கும்பிட்டு நன்றி சொன்னார். பிறகு வீட்டிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்த சர்க்கரையை டம்ளரில் கரைத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தார். "பொட்டப் புள்ளைக்குப் பொறுமை வேணும். நல்லவேளை, நான் இருந்தேன்" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, அப்பாவுக்குத் தகவல் சொல்லப் பஸ் ஏறப் போனார்.

அத்தை உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள். அம்மா படுத்தபடியே கூப்பிட்டாள்.

"அண்ணி, இவளுக்கு நீங்களும் வையுங்க."

"வாணாம்மே. என்னை மாரி ஆயிட்டா காலம் பூரா பேஜாருதான்."

"ஆவட்டும்" என்றாள் அம்மா.

அத்தை வந்து விரலைத் தோய்த்து வைத்தாள். மாமாவின் ஏற்பாட்டை அம்மாவே கெடுத்துக்கொண்டதில் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இனிமேல் வீட்டில் திட்டு வாங்க எனக்கு ஒரு துணை உண்டு. அத்தை டம்ளரை ஓரமாக வைக்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்" என்று சொல்லி வாயைத் திறந்தாள்.

அத்தை மறுபடியும் விரலைத் தோய்த்து அம்மாவின் நாக்கில் வைத்தாள். வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊரையே அழவைக்கிறவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாவம், அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டம்ளரில் அவ்வளவு மிச்சம் இருக்கும்போது இப்படி ஒரு சொட்டு மட்டும் கொடுக்கிறாளே என்று அத்தை மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.