பாதி வரிசையில் நின்ற ஊசி

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு போர்வை இருக்கிறது. போர்வை என்று சொல்வது மரியாதைக்குத்தான், பாதிதான் தைத்தது. தைத்த பாதிக்கும் தைக்காத பாதிக்கும் நடுவில் ஓர் ஊசி, நூல் கோத்தபடியே குத்தி நிற்கிறது. துரு ஏறி, தன்னைச் சுற்றித் துணியில் பழுப்பாக ஒரு வட்டம் போட்டுவிட்டது. வருடக் கடைசி மழை ஓய்ந்ததும் ஈப்போ சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் பெட்டித் துணிகளை வெயிலில் காயப்போடுவேன். அப்போது இதையும் எடுத்து விரிப்பேன், மடிப்பேன், திரும்ப வைப்பேன். முழங்காலும் முதுகும் போட்டி போட்டுக்கொண்டு வலிக்கிற இந்த வயதில் அதுவே எனக்கு ஒரு நாள் வேலை. மருமகள் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்: “அத்தே, அந்த ஊசிய எடுத்துட்டா என்னா? கையில குத்திறப் போவுது.” குத்தாது என்று மட்டும் சொல்வேன். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருக்கிறது. ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் அந்த அலுப்பாவது தீரும்.

அது என் அண்ணி குத்திய ஊசி. என் இருபது வயதுகளில் நாங்கள் ஈப்போவுக்குப் பக்கம் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா, அண்ணன், அண்ணி மூவருக்கும் லயத்தின் வரிசை வீடுகளில் ஒரு வீடு. நான் கட்டிக்கொண்டு போனதும் அதே தோட்டத்தின் இன்னொரு கோடிக்குத்தான். அண்ணி பால்மரம் வெட்டுவதில் கெட்டிக்காரி. பட்டையைக் காயப்படுத்தாமல் மெல்லிசாக இழைப்பாள். மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும், அந்த வேலையில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்ற பேச்சே கிடையாது. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு மரங்களுக்குள் போனால், ஒன்றை வெட்டி, அடியில் பால் வடிய மங்குக் கிண்ணத்தை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்துவிட வேண்டும். மங்கு நிறையட்டும் என்று உட்கார்ந்தால் அன்றைய மரங்கள் முடியாது. எல்லாவற்றையும் வெட்டிய பிறகு ஒரு வாய் பழைய சோறு. அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் மரத்துக்குத் திரும்பி, வடிந்து நிற்கிற பாலை ஊற்றிக்கொண்டே வர வேண்டும்.

அண்ணி வீட்டையும் அப்படித்தான் நடத்தினாள். உலையில் அரிசி கொதிக்கும், அம்மியில் மிளகாய் பாதி அரைந்து கிடக்கும், வெளியே கல்லில் துணி ஊறும், அவள் இவை ஒன்றிலும் இல்லாமல் கோழிக்கூட்டுக் கதவைக் கட்டிக்கொண்டிருப்பாள். எப்படியோ எல்லாம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். அம்மா அப்படியில்லை. வெங்காயம் உரித்தால் உரித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த வாய் பேச்சு. இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் புழங்கியது எப்படி என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான்.

எனக்கு முதல் பிள்ளையும் தங்கவில்லை, இரண்டாவதும் தங்கவில்லை. இரண்டும் மழைக்காலத்தில் பிறந்து, மலையடிவாரக் குளிரில் மார்ச்சளி கட்டிப் போயின. மூன்றாவது வயிற்றில் தரித்தபோது எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைப் பிச்சையாகத்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வீடு வீடாகப் போய் மடியேந்திப் பழந்துணி வாங்கி, அதில்தான் பிள்ளையைக் கிடத்த வேண்டும். பேரும் பிச்சை என்றே வைக்க வேண்டும். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போவானாம். எமனை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமா என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்ததும் அண்ணியைத்தான் பார்த்தேன். அவள்தான் எனக்காக மடியேந்தப் போனாள்.

அண்ணிக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளையில்லை. அதனால் கங்காணி வீட்டில் ஒரு முணுமுணுப்பு வந்தது, இவள் தைத்த துணியில் பிள்ளையைப் போடலாமா என்று. அம்மா வாசலில் நின்று, “தைக்கிறது கையிதானே, வயிறா தைக்குது?” என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. அது மட்டுமில்லை, கங்காணியின் மருமகளும் முழுகாமல் இருந்ததால், அவளுக்கும் ஒரு போர்வை வேண்டுமென்று அந்த வீட்டிலிருந்தே துணி வந்து சேர்ந்தது. ஊர் வாய் அப்படித்தான்.

அண்ணி மடி நிறையக் கொண்டுவந்து கொட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சாயம் போன சுங்குடி, யாரோ ஒரு கிழவரின் வேட்டிக் கரை, பூப்போட்ட மலாய்க் கைலி ஒன்றின் ஓரம், சீனன் கடையில் கேட்டு வாங்கிய மாவுச் சாக்கு. அன்றே தைக்க உட்கார்ந்தாள். ஆனால் ஒரு போர்வை இல்லை, மூன்று. என்னுடையதில் ஒரு வரிசை ஓட்டுவாள், மடித்து வைப்பாள். கங்காணி வீட்டுடையதில் ஒரு வரிசை. அப்புறம் மூன்றாவதாக ஒன்று. அது யாருக்கு என்று கேட்டால், “வர்றவங்களுக்கு” என்பாள். ஈப்போவில் யாரோ கேட்டிருப்பார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்த வருடம் மழை விடவேயில்லை. பட்டை ஈரம் காயாததால் நாள் கணக்கில் மரம் வெட்டவில்லை. லயமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. அண்ணி சன்னல் வெளிச்சத்தில் மூன்று துணியையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு வயிறு இறங்கிவிட்டது. போர்வையோ பாதியைக்கூடத் தாண்டவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, இவளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. மொதல்ல ஒன்ன முடியேன்.”

“எல்லாம் ஒண்ணாத்தான் வந்துக்கிட்டிருக்கு அத்தே. ஒரு மரத்தடியிலயே உக்காந்துட்டா மிச்ச மரத்த யாரு வெட்டுறது?”

“மரம் நீ அங்கிட்டுப் போனாலும் தானா வடியும். துணி நீ தொட்டாத்தான் நவுறும். ரெண்டும் ஒண்ணா?”

அம்மா சொன்னது சரி. இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல என்னால் முடியாது. அப்போது அண்ணியின் மடியில் கிடந்தது மூன்றாவது போர்வை. வரிசையின் நடுவிலேயே ஊசியைக் குத்தினாள். “இந்தா, வந்துர்றேன்” என்றாள். அதைச் சுருட்டிப் பரண்மேல் செருகிவிட்டு, என்னுடையதை எடுத்து வேறு ஊசியில் நூல் கோத்தாள். அதற்குப் பிறகு எனக்கு வலி காணும்வரை வேறு எதையும் கையில் தொடவில்லை.

பிள்ளை பிறந்தது ஒரு மழைநாள் மத்தியானம். போர்வை தயாராக இருந்தது. அண்ணிதான் சுற்றிக் கொடுத்தாள். சளி பிடித்தது, இழுத்தது, எல்லோரும் பயந்தோம், ஆனால் பிழைத்துக்கொண்டான். பிச்சை என்றே பேர் வைத்தோம். அடுத்து கங்காணி வீட்டுப் போர்வை. அந்த வீட்டைக் காக்க வைக்க முடியுமா? அது முடிவதற்குள் மழை விட்டு வேலை திறந்தது. பிறகு கடைசி வீட்டுக்காரிக்கு மாதம் ஏறியது. அப்புறம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரின் மனைவி சொல்லியனுப்பினாள். என் பிள்ளை பிழைத்ததில் அண்ணியின் கைக்கு ராசி என்று பேராகிவிட்டது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று அவளும் பழகிக்கொண்டாள். முதலில் முடிக்க வேண்டிய ஒன்று எப்போதும் யாராவது ஒருத்தியுடையதாக இருந்தது.

பிச்சை ஓடி விளையாடுகிற வயதில் அண்ணன் பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் வேலை என்று கிளம்பினான். சாமான் கட்டும்போது அண்ணி பரணிலிருந்து அந்தச் சுருட்டலை எடுத்துத் தூசி தட்டி என்னிடம் நீட்டினாள்.

“நீயே வச்சுக்க தங்கச்சி. எனக்கு இனிமே எதுக்கு?”

ஈப்போக்காரர்களுக்குத் தைத்தது என்றல்லவா நினைத்தேன். “ஏன் அண்ணி, இது ஒங்களுதா?” என்று கேட்டேன். அவள் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே, “சும்மா பொழுதுபோக்குக்குத் தச்சது” என்றாள். அவ்வளவுதான். லாரி காத்திருந்தது. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்த்தது அம்மா இறந்தபோதுதான். அப்போது இதைப் பேசுகிற மனநிலை யாருக்கும் இல்லை.

அவர்கள் போன மறுநாள் அதை விரித்துப் பார்த்தேன். சுங்குடி இருந்தது. கிழவர் வேட்டிக் கரை இருந்தது. பூப்போட்ட கைலி ஓரம் இருந்தது. பிச்சையின் போர்வையைப் பக்கத்தில் போட்டேன். அதே துண்டுகள், அதே வரிசையில். எனக்காக மடியேந்திய ஒவ்வொரு துண்டையும் இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை என் பிள்ளைக்கும் ஒரு பாதியை அதிலும் வைத்திருக்கிறாள். ஒரே ஒரு துண்டு மட்டும் என்னுடையதில் இல்லை. நட்டநடுவில், அரக்குச் சிவப்பில், அவளுடைய கூறைப் புடவைத் துண்டு. அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை வந்து என்னம்மா என்று கேட்டான். கால் வலி என்றேன்.

அவள் ஏன் மூன்றையும் ஒன்றாக ஓட்டினாள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொன்றாக முடிப்பது என்று வந்தால் அவளுடையதன் முறை வராது. எல்லாம் ஒன்றாக நகர்ந்தால்தான் அதிலும் ஒரு வரிசை ஏறும். பிள்ளையில்லாதவள் தனக்கென்று மடியேந்தினால் ஊர் சிரிக்கும். என் பேரைச் சொல்லி வாங்கினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மாவே உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருப்பாள்.

அண்ணிக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. இந்தப் போர்வை முடிந்திருந்தால் பிறந்திருக்குமா என்று கேட்டால், பிறந்திருக்காது. அந்த அளவு புத்தி எனக்கு இருக்கிறது. ஆனால் என் மகன் பிழைத்தது அவனுடைய போர்வையால்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஒன்றை நம்பிவிட்டு மற்றதை நம்பாமலிருக்க எனக்கு வழி தெரியவில்லை. இத்தனை வருடமும் அந்த யோசனையைச் சுமந்து சுமந்தே களைத்துப் போனேன்.

இந்த வருடமும் வெயிலில் காயப்போட்டு எடுத்தேன். பிச்சைக்கே தலை நரைத்துவிட்டது. ஒரு முனையை அவன் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் பிடித்து மடித்தோம். ஊசி இருக்கும் இடம் வந்ததும் வழக்கம்போல விரல் அங்கே நின்றது. “இந்தா, வந்துர்றேன்” என்று அவள் சொன்னது அம்மாவிடம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆனால் அம்மா அவளுக்கு எதிரிலேயே நின்றிருந்தாள்; அங்கே போய்வர ஒன்றுமில்லை. வெட்டிய மரத்துக்கு எப்படியும் வாளியோடு திரும்பிவிடுவோம் என்று பழகியவள், அந்தப் பாதித் துணியிடம்தான் அதைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கிறாள்.