செவலைக் கன்றின் மூச்சு

பல்லேபொலையில் நாங்கள் புதிதாக வாங்கிய பசுவின் கன்று மூன்று நாளாகச் சோர்ந்து கிடந்ததால் வந்த மாட்டு டாக்டர், அதன் வாயைத் திறந்து என்னைக் குனியச் சொன்னார். புளித்த வெண்ணெயில் சீனி கலந்தது போன்ற அந்த வாசனை, என்னை இரத்தோட்டைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த மாட்டுப்பட்டிக்குக் கொண்டுபோனது. தகரக் கூரையில் மழை பெய்ய, வெட்டிப் போட்ட புல்லும் ஈரச் சாணமும் மணக்க, அப்பா எங்கள் செவலைக் கன்றுக்கென்று ஒரு காம்பைக் கறக்காமலே விடுவார். நானோ பள்ளிக்கூட உடுப்போடு அதன் மூக்கோடு மூக்கு வைத்து இந்த வாசனையைத்தான் தினமும் இழுத்து இழுத்து முகர்வேன். பானை போல உப்பிய அதன் வயிற்றைத் தடவி, "நல்லா கொழுத்திருச்சுப்பா, இன்னொரு காம்பும் விடுங்க" என்று கெஞ்சுவேன், அவரும் விடுவார். ஒரு காலையில் அது எழும்பவே இல்லை. கண்ணு பட்டுருச்சு என்றாள் அம்மா.

இன்று அங்கே பட்டியும் இல்லை, லயமும் இல்லை, மிளகுக் கொடிதான்.

"வாசனை வருதா? வயிறு முழுக்கப் புழு," என்றார் டாக்டர். "பொறந்த கையோட தாய்ப்பால்லயே ஏறிரும். ரெண்டாவது வாரமே மருந்து குடுத்திருக்கணும். பரவாயில்ல, இது பொழைச்சிரும். நாளைக்கு இந்த வாசனை இருக்காது."

கன்றுகளுக்கெல்லாம் அதுதான் வாசனை என்று நினைத்திருந்தேன். இன்று காலையில்கூட ஆசையாக முகர்ந்தேன்.