பிசின் இல்லாத சட்டை

எங்கள் வீட்டில் உடுப்புத் துவைப்பது நான்தான். மகளுக்குப் பதினேழு வயது. மெஷினில் போடத் தெரியாதவள் இல்லை. ஆனால் நான் விடுவதில்லை. பிள்ளைகள் வாய் திறந்து சொல்லாததையெல்லாம் ஊத்தை உடுப்புக் கூடை சொல்லிவிடும் என்பது என் நம்பிக்கை. என் கணவர் இதற்கு வேவு பார்ப்பது என்று பெயர் வைத்திருக்கிறார். நான் துவைப்பது என்றுதான் சொல்வேன்.

அவள் ஹாண்ட்போல் விளையாடுகிறவள். பந்து கைநழுவாமல் இருக்க விரல்களில் ஒரு பிசின் பூசுவார்கள். பலாப்பாலைப் போல அது தொட்ட இடமெல்லாம் ஒட்டும். சட்டையின் கழுத்து, தோள், காற்சட்டை ஓரம், பையின் பிடி, ஒருமுறை எங்கள் பிரிட்ஜின் கதவு. தேங்காயெண்ணெய் போட்டு ஊறவைத்துத் தேய்த்தால்தான் விடும். ஐந்து வருடமாக அந்தப் பிசினைத் திட்டிக்கொண்டே தேய்த்து வந்தேன். போன பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை திட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சட்டை கசங்கியிருந்தது, ஆனால் பிசின் இல்லை. மணந்து பார்த்தேன். வியர்வையும் இல்லை.

பிரிட்ஜின் கதவில் அவளுடைய வாரம் ஒட்டியிருக்கும். செவ்வாயும் வியாழனும் பயிற்சி. வெள்ளி பின்னேரமும் ஞாயிறு காலையும் சுப்பர்மார்க்கெட்டில் வேலை. சனி போட்டி. இதற்கிடையில் பக்கத்து ஊரிலுள்ள கிம்னேசியம் என்கிற உயர்பள்ளிக்கு பஸ்ஸில் போய் வர வேண்டும், படிக்கவும் வேண்டும். பார்க்கிற எனக்கே மூச்சு வாங்கும். வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். டென்மார்க்கில் பிராண்டே போன்ற சின்ன ஊரில் டொக்டரின் மகனும் பால் பெட்டி அடுக்கத்தான் போகிறான். என் கண் பந்தின் மேல்தான் இருந்தது. காற்றாலை இறகு செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவருக்கு எல்லாம் நேர்மாறு.

“வேலை செய்யிறதுக்கு ஆயுள் முழுக்கக் கிடக்கு. பந்து இப்பதான் எறியலாம். கடையை விடச் சொல்லும்” என்பார்.

“பந்து சோறு போடுமோ? முழங்கால் உடைஞ்சால் ஆர் பாக்கிறது?” என்பேன் நான்.

நாங்கள் இழுபறிப்படும்போது அவள் காதில் எதையோ செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். கடையா பந்தா, இரண்டில் ஒன்றை அவள் விடத்தான் வேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒற்றுமை.

அடுத்த செவ்வாயும் சட்டை சுத்தம். இரவுச் சாப்பாட்டின்போது மெல்லக் கேட்டேன்.

“இண்டைக்குப் பயிற்சி எப்பிடி?”

“நல்லா இருந்தது அம்மா. நிறைய ஓடினனாங்கள்.”

என் மகள் உண்மையை டெனிஷில்தான் சொல்வாள், அதுவும் அரைகுறையாக, எரிச்சலோடு. முழு வசனமாக, ‘அம்மா’ என்ற வார்த்தையும் சேர்த்து, நல்ல தமிழ் வந்தால் அதில் ஏதோ இருக்கிறது. சின்ன வயதில் பூச்சாடியை உடைத்த அன்றும் இப்படித்தான் அழகான தமிழில் காற்று தட்டிவிட்டது என்றாள்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். வெள்ளிக்கிழமை கடை முடிந்து வந்தவளின் தலைமயிரில் பொரித்த வெங்காய மணம். சொசேஜ் மணமும்தான். நாங்கள் வெள்ளியில் சைவம். அந்தக் கடையில் பால் உண்டு, பாண் உண்டு, வெற்றுப் போத்தல் விழுங்குகிற மெஷின் உண்டு. சொசேஜ் பொரிக்கிற அடுப்பு கிடையாது. யாரோ வாங்கிக் கொடுக்கிறான். யார் அந்தப் பெடியன்? வெள்ளை இனத்தவனா, எங்களுடைய ஆளா? எங்களுடையவன் என்றால் எந்தக் குடும்பம்? ஒரே ஒரு மணத்திலிருந்து கலியாண மண்டபம் வரைக்கும் போய்விட்டேன். கணவரிடம் சொன்னேன்.

“வெங்காயம் மணந்தால் பெடியனோ?” என்றார். “உமக்கு மூக்கு கொஞ்சம் நீளம்.”

மறுநாளே பயிற்சியாளரிடமிருந்து போனுக்குச் செய்தி வந்தது. பெற்றோருக்கென்று இருக்கும் குழுவில் இல்லை, தனியாக எனக்கு. உங்கள் மகள் இரண்டு செவ்வாய்க்கிழமைகளாகப் பயிற்சிக்கு வரவில்லை, கடை வேலையோடு சமாளிப்பது கஷ்டம் என்றால் பேசலாம், ஆனால் இனி வரும் செவ்வாய்களையும் தவறவிட்டால் ஈஸ்டர் சுற்றுப்போட்டிக்கான அணியில் அவளுக்கு இடம் கொடுக்க முடியாது என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார். அந்த ஈஸ்டர் போட்டிக்காக அவள் ஒரு வருடம் பனியிலும் மழையிலும் ஓடியவள். அவளுடைய அறைச் சுவரில் அதன் திகதி பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. அதையே விட்டுவிட்டு எங்கோ போகிறாள் என்றால் விஷயம் சின்னதாக இருக்க முடியாது. பந்தை விடச் சொல்லி நச்சரித்தவள் நானே. அந்தச் செய்தியை வாசித்தபோது கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை. பயமாக இருந்தது.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் நல்ல தமிழ்தான் வரும். கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவெடுத்தேன்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடியும். வீட்டுக்குப் போகாமல் நேரே அவளுடைய கடைக்குப் போனேன். தேவையில்லாத ஒரு பால் பெட்டியை எடுத்துக்கொண்டு எல்லாத் தட்டுகளுக்கிடையிலும் நடந்தேன். அவள் இல்லை. காசு வாங்குகிற இடத்தில் நின்ற பிள்ளையிடம் கேட்டேன்.

“அவள் இப்போது வெள்ளியில் வருவதில்லையே. என்னோடு மாற்றிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைதான் அவளுக்கு வேலை” என்றாள் அந்தப் பிள்ளை.

ஆக, செவ்வாய்க்கிழமை பயிற்சி என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுக் கடையில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை கடை என்று சொல்லிவிட்டு எங்கேயோ சொசேஜ் தின்கிறாள். காரில் ஏறி ஊரைச் சுற்றினேன். பஸ் நிலையம், பீட்சாக் கடை, நூலகம். கடைசியில் விளையாட்டு மண்டபத்துக்கு முன்னால் அவளுடைய சைக்கிளைக் கண்டேன். மழைக்குச் சீட்டில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பை நான் கட்டியது.

வெள்ளியில் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே, தீனி விற்கிற கியோஸ்க்கின் மறுபக்கத்தில், ஏப்ரன் கட்டிக்கொண்டு என் மகள் நிற்கிறாள். எதிரே உயரமான ஒரு பெடியன் மேசையில் சாய்ந்து ஏதோ சொல்ல, இவள் சிரிக்கிறாள். அகப்பட்டான் என்று கதவைத் தள்ளினேன். அவன் இரண்டு தோஸ்ட்டை வாங்கிக்கொண்டு போய், பல் விழுந்த தன் தங்கச்சியிடம் ஒன்றைக் கொடுத்தான். மகள் சொசேஜ் எடுக்கப் பின்பக்கம் போனாள்.

நான் உள்ளே கால் வைத்ததுமே ஒரு டெனிஷ்காரி கையைப் பிடித்துக்கொண்டாள். அணியில் விளையாடும் இன்னொரு பிள்ளையின் தாய்.

“நீங்கள் அவளுடைய அம்மா அல்லவா? முதுகு இப்போது எப்படி?”

என் முதுகுக்கு என்ன? நாள் முழுக்க வயதானவர்களை எழுப்பி இருத்துகிற முதுகு. இன்றுவரை ஒரு பிடிப்பு வந்ததில்லை. அப்போதுதான் அவளுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய பெயர்ப்பட்டியலைக் கண்டேன். வெள்ளிக்கிழமைக் கியோஸ்க், நான்கு முதல் ஏழு மணி வரை. ஆறு வெள்ளிக்கு என் பெயர் இருந்தது. என் மகளின் கையெழுத்தில்.

“வெளியூர்ப் போட்டிகளுக்கு நாங்கள் அவளைக் காரில் கூட்டிப்போகிறோம். அதற்குப் பதிலாக எங்கள் வெள்ளிகளை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்கிறாள். போதும் என்று சொன்னேன், கேட்கிறாள் இல்லை. உங்களுக்கு முதுகு சுகமாகும் வரைக்கும் என்றாள்.”

“இப்போது பரவாயில்லை” என்றேன்.

ஐந்து வருடத்துக்கு முன் அவளைக் கழகத்தில் சேர்த்தபோது ஒரு படிவம் தந்தார்கள். பெற்றோர் எந்த வகையில் உதவலாம்? கார் ஓட்டுதல், கேக், கியோஸ்க், சட்டை துவைத்தல். கொமூனவிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, வருகிற கடிதத்தை வாசிப்பதுபோல, எங்கே பொறி வைத்திருக்கிறார்கள் என்று தேடித்தான் அதை வாசித்தேன். இன்றைக்குக் கேக் என்று தொடங்கி நாளைக்கு மண்டபம் கூட்டச் சொல்வார்கள் என்று கணவரிடம் சொன்னேன். எல்லாப் பெட்டியையும் வெறுமையாக விட்டேன். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

எங்கள் வழக்கம் வேறு. கோயிலில் அன்னதானம் என்றால் போன் எடுத்துக் கூப்பிடுவார்கள். நேரமில்லை என்று இரண்டு தடவை சொல்வோம். மூன்றாம் தடவை வற்புறுத்துவார்கள். பிறகு போய், கடைசி அண்டா கழுவும் வரைக்கும் நின்றுவிட்டுத்தான் வருவோம். இங்கே வற்புறுத்துவது அவமரியாதை. ஒரு பட்டியலைத் தொங்கவிடுவார்கள், விரும்பினால் எழுதலாம். எழுதாவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு மரியாதையாகப் பேசாமல் இருந்துவிடுவார்கள். மூன்றாவது தடவை கேட்பார்கள் என்று நான் ஐந்து வருடம் இருந்திருக்கிறேன். அவளை ஏற்றிப்போன கார்களெல்லாம் எப்படியும் அந்தப் பக்கம் போகிற கார்கள்தானே என்றும் நினைத்திருந்தேன்.

மகள் சொசேஜோடு வந்தாள். என்னைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று. ஏழு மணிக்கு அவளுடைய சைக்கிளைக் காரின் பின்னால் ஏற்றினோம். வண்டியை எடுக்காமல் இருந்தேன்.

“ஏன் பொய் சொன்னனீ?”

“எதை?”

“முதுகை.”

அவள் டெனிஷில் பதில் சொன்னாள். “வேறு என்ன சொல்ல? அம்மாவுக்கு விருப்பமில்லை என்று சொல்லவா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

“என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே?”

“கேட்டால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீங்கள்?”

பந்தை விடு என்றுதான் சொல்லியிருப்பேன். இருவருக்கும் தெரியும்.

“வாற வெள்ளி நான் நிக்கிறன்” என்றேன். “நீ கடையை வெள்ளிக்கு மாத்து. செவ்வாய் பயிற்சிக்குப் போ.”

“உண்மையாவோ?” என்று கேட்டாள். நான் அவளிடம் கேட்கிற அதே குரல். உடனே மாற்றவும் இல்லை. இரண்டு நாள் யோசித்தாள். நான் வராமல் விட்டால், பட்டியலில் பெயர் இருந்தும் ஆள் இல்லாமல் கியோஸ்க் பூட்டிக் கிடக்கும், எல்லோரும் பார்ப்பார்கள் என்பது அவளுடைய பயம். ஞாயிறு இரவுதான் கடைக்குச் செய்தி அனுப்பினாள்.

செவ்வாய் அவள் பயிற்சிக்குப் போனாள். சட்டை வந்தது, கழுத்திலும் தோளிலும் பிசினோடு. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு, அன்றைக்குச் சைவக்காரியான நான், ஏப்ரன் கட்டிக்கொண்டு சொசேஜ் புரட்டினேன். அந்த டெனிஷ்காரி என்னைச் சோடாப் பெட்டி தூக்க விடவேயில்லை. முதுகு, முதுகு என்று ஓடி ஓடி வந்தாள். மகள் சொன்ன பொய்யைக் காப்பாற்ற நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்சம் மெல்ல நடந்தேன். ஆறு மணியிருக்கும். நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் நின்றாள். கடைச் சட்டை, மேலே ஜக்கெட், தலையில் சைக்கிள் ஹெல்மெட். கடையில் கால் மணித்தியால இடைவேளை கிடைத்திருக்கும். இடுக்கியைத் தூக்கிக் காட்டினேன். அவள் கை அசைக்கவில்லை. என்னைப் பார்த்தாள், மேலே மணிக்கூட்டைப் பார்த்தாள், போய்விட்டாள். பெற்ற தாயை வேவு பார்க்கிறாளே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

“உம்மடை பிள்ளைதானே” என்றார்.

அடுத்த வெள்ளியும் வந்து அதே கதவில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த செவ்வாய் ஈஸ்டர் அணியின் பெயர்கள் போனில் வந்தன. அவளுடைய பெயர் கடைசிக்கு முந்தியது. ஆனால் இருந்தது. அவள் சத்தம் போடவில்லை, மாடிப்படியில் இரண்டு இரண்டாக ஏறினாள்.

மூன்றாம் வெள்ளி ஐந்தரைக்கே நான் கதவைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஆறு மணி. ஆறே கால். சின்னப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள், தாய்மார் வந்தார்கள். ஏழு மணி வரைக்கும் அவள் வரவில்லை. நான் நிற்கிறேனா என்று வந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இனித் தோன்றவில்லை என்று விளங்கியது.

உடனேயே இன்னொன்றும் தோன்றியது. கடையில்தான் நிற்கிறாளா?

போனை எடுத்து, கடையின் இலக்கத்தைத் தேடி, விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு மேசையைத் துடைத்தேன்.